மார்ஷ்வுட் துரையின் ஐந்து பெயர்கள்

ஐந்து பெயர்களைக் கைப்பையில் வைத்துக்கொண்டு விருதுநகர் ரயில் நிலையத்தில் இறங்கினேன். பகல் பதினொரு மணி. நான் வேலை பார்க்கும் இங்கிலாந்துக் கடலோர ஊரில் அந்த மாதம் காதை அறுக்கிற குளிர். இங்கே நடைமேடையில் கால் வைத்ததும் செருப்பையும் தாண்டிச் சுட்டது. நானும் தமிழ்நாட்டில் பிறந்தவள்தான், மாயவரம் பக்கம். ஆனால் காவிரித் தண்ணீரில் வளர்ந்தவளுக்கு இது வேறு நாட்டு வெயில். அடடா, என்ன வெயில்!

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எலினோர் அம்மாள் என் நோயாளி. எண்பதைத் தாண்டியவர். இதயம் பாதிதான் வேலை செய்கிறது. வாரம் மூன்று நாள் அவர் வீட்டுக்குப் போய்க் கால் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டு, மாத்திரைகளைப் பிரித்து வைத்துவிட்டு வருவேன். அவருடைய அப்பா எட்மண்ட் மார்ஷ்வுட், வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலத்தில் நம் பக்கத்தில் அதிகாரியாக இருந்தவர். அந்த வீட்டு மாடிப்படிச் சுவர் முழுக்க அவருடைய உத்தியோகம்தான் சட்டம் போட்டுத் தொங்குகிறது.

கீழ்ப் படியில் மீசை முளைக்காத பையன், கஜானா வேலை பழக வந்தவன். நாலு படி ஏறினால் தமிழ்ப் பரீட்சை தேறியதற்கு ஒரு சான்றிதழ். இன்னும் இரண்டு படி மேலே சிவகாசிப் பக்கத்துத் துணைக் கலெக்டர், குதிரையோடும் இரண்டு நாயோடும். அதற்கு மேலே சென்னையில் பெரிய அதிகாரிகளோடு வரிசையாக நாற்காலியில். அப்புறம் ஒரு ஜில்லாவுக்கே கலெக்டர். மாடி ஏறி முடிக்கிற இடத்தில் தலை நரைத்து, நெஞ்சில் பதக்கத்தோடு நிற்கிறார். போகிற ஒவ்வொரு நாளும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நான் மாடியேறுவேன்.

போன கோடையில் ஒருநாள் எலினோர் அம்மாள் ஒரு நோட்டை என் மடியில் வைத்தார். அப்பாவின் சொந்தக் குறிப்பு நோட்டு. "இதில் ஒரு பக்கம் மட்டும் தமிழில் இருக்கிறது. எனக்குப் படித்துச் சொல்," என்றார். படித்தேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உருட்டி உருட்டி எழுதிய எழுத்தில் ஐந்து பெயர்கள். அவ்வளவுதான்.

எதிர்ப் பக்கம் ஆங்கிலத்தில் இருந்தது. யுத்த காலம். தீபாவளிக்கு முன்னால் ஒரு பட்டாசுப் பட்டறை வெடித்திருக்கிறது. துணைக் கலெக்டர் மார்ஷ்வுட் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து, பேச முடிந்தவர்களிடம் பெயர் கேட்டு எழுதியிருக்கிறார். முதலாளியின் பதிவேட்டில் ஒன்பது பேர். செத்தவர்களோ பதினாலு பேர். பதிவேட்டில் இல்லாமல் அன்றைக்கு வந்து வேலை பார்த்தவர்கள் ஐந்து பேர். அவர்களை மட்டும்தான் அவர் தமிழில் எழுதிவைத்திருக்கிறார். அடுத்த குறிப்பு இரண்டே வரி: மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது, பதிவேட்டில் உள்ளபடியே இருக்கட்டும் என்கிறார்கள், அப்படியே ஒன்பது என்று எழுதி அனுப்பிவிட்டேன். அந்த முதலாளியின் சரக்கு யுத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்ததாம். சில பக்கம் தள்ளிப் பார்த்தால் சென்னைக்குப் பதவி உயர்வு. பியானோவை எப்படி மாட்டுவண்டியில் ஏற்றுவது என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் நோட்டை மூடிவிட்டேன்.

"நீ போய் அந்த வீடுகளில் சொல்ல வேண்டும். ஒரு வீடு கிடைத்தாலும் போதும். அந்தப் பக்கம் அவர்களுடையது," என்றார் எலினோர் அம்மாள். பிறகு போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "என் அப்பாவைப் பற்றி அவர்கள் என்ன சொல்கிறார்களோ, அதை அப்படியே எனக்கு வந்து சொல். இனிப்புப் பூசாமல்," என்றார்.

நான்கு பெயர்களுக்கு ஊர் இல்லை. ஐந்தாவது பெயருக்கு மட்டும் தகப்பன் பெயரும் ஊரும் இருந்தன. முத்துப்பேச்சி. விடியும்வரை பேசியிருக்கிறாள் போலும். அவள் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஆங்கிலத்தில் ஒரு சின்ன வரி: தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

விருதுநகரில் எனக்குத் தெரிந்த ஒரே வீடு, என்னோடு வேலை பார்க்கும் நூர்ஜகானின் அண்ணன் ஜமால் வீடு. மிளகாய் வத்தலும் மல்லியும் வாங்கி விற்கிறவர். ஸ்டேஷனுக்கு அவரே வந்தார். "வாங்க தங்கச்சி. சாப்பிட்டீகளா? எங்க நூரு எப்பிடி இருக்கா?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். இந்தப் பக்கத்தில் 'சாப்பிட்டீகளா' என்பது கேள்வி இல்லை, உத்தரவு என்று அரை மணி நேரத்தில் புரிந்தது.

எண்ணெயில் முறுகப் பொரித்த புரோட்டா, அதன் தலையில் ஊற்றிய சால்னா. என் இங்கிலாந்துச் சமையலறையில் எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றுகிறவள் நான். அன்றைக்கு மூன்று புரோட்டா தின்றேன். ஜமால் அண்ணனின் மனைவி நாலாவதை வைக்கும்போதுதான் வந்த காரியத்தைச் சொன்னேன். அந்தம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

ஜமால் அண்ணன் நோட்டை வாங்கவில்லை, எட்ட இருந்தே பார்த்தார். "தங்கச்சி, தப்பா நினைக்காதீக. எம்பது வருசம் ஆச்சு. அவுக மறந்திருந்தா, நீங்க போய் ஞாபகப்படுத்துறது நல்லதா?" என்று கேட்டார். எனக்கும் அதுதான் பயம். ஆனாலும், "மறக்காமல் இருந்தால்?" என்று கேட்டேன். அவர் எழுந்துகொண்டே, "சரி, காலையில எங்க வண்டியிலயே போவம்," என்றார்.

இரண்டாம் நாள் போனது வத்தல் மூட்டை ஏற்றுகிற சின்ன லோடு வண்டியில். முன் இருக்கையில் உட்கார்ந்தாலும் நெடி விடவில்லை. மல்லாங்கிணறு தாண்டுவதற்குள் இருபது தும்மல் தும்மியிருப்பேன். ஜமால் அண்ணன் ஒரு தும்மல்கூடப் போடாமல் ஓட்டினார். "எங்களுக்கு இது மூச்சுக்காத்து," என்று சிரித்தார். ரோட்டின் இரண்டு பக்கமும் கருவேலம், நடுநடுவே வெடித்த கரிசல் நிலம். வழியில் டயர் பஞ்சராகி, மாற்று டயரிலும் காற்றில்லாமல், ஒரு மணி நேரம் வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டு நிழலில்லாத இடத்தில் நின்றோம்.

அவ்வளவு பாடுபட்டுப் போய்ச் சேர்ந்தது தப்பான ஊர். ஒரே பெயரில் மேலூர் ஒன்று, கீழூர் ஒன்று இருக்கிறதாம். நாங்கள் போனது மேலே இருப்பது. அது தெரிவதற்குள் அங்கே நடந்ததை என்னால் மறக்க முடியாது.

வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, நான் நோட்டு இருந்த கோப்பைத் திறந்து பெயரைப் படித்தேன். படித்ததுதான் தாமதம், வீடுகளிலிருந்து பெண்கள் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு ஆதார் நகல், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் போட்டோ. கோப்போடு ஒருத்தி வந்து பெயர் வாசித்தால் அது நிவாரணப் பட்டியல்தான் என்று அவர்களுக்கு வழக்கம். விபத்துக்கும் வெள்ளத்துக்கும் அப்படித்தானே யாராவது வந்து படிக்கிறார்கள். "எம்பேரு இருக்கா பாருங்கக்கா," என்றாள் ஒருத்தி. "போன தடவையும் விட்டுட்டீக," என்றாள் இன்னொருத்தி. "இது அந்த லிஸ்ட் இல்லம்மா," என்று நான் கத்திக் கத்திச் சொன்னேன். கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி என் பேனாவையே எடுத்து நீட்டி, "எந்த லிஸ்ட்டா இருந்தாத்தான் என்ன? ஒரு ஓரமா எம்பேரையும் எளுதிக்கோங்க," என்றாள்.

செத்தவர்களின் பட்டியல் அது. கோப்பை மூடிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். ஜமால் அண்ணன்தான் அந்தப் பெண்களிடம் பொறுமையாகப் பேசி, நாங்கள் தேடும் ஊர் சாத்தூர் போகிற வழியில் கீழே இருக்கிறது என்று கேட்டுவந்தார். அன்றைக்கு இனிமேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் சரியான ஊர். அதன் பெயரை எழுத வேண்டாம் என்று அந்த வீட்டார் கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை. பகலில் அங்கே ஆளே இல்லை. காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன்கள் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும், திரும்பிவர அந்தி ஆகும். ஒரு காலத்தில் பிறத்தியார் காட்டில் களையெடுத்த குடும்பங்கள், இப்போது வீட்டுக்கு ஒருவராவது பட்டாசு வேலைதான். டீக்கடைக்காரரிடம் முத்துப்பேச்சியின் தகப்பன் பெயரைச் சொல்லிக் கேட்டோம். அவர் யோசித்து, "அவரு மகன் சுப்பையாத் தாத்தா மட்டும் இருக்காரு. வயசு தொண்ணூறு தொடும். அண்ணன் மக மாரித்தாய்தான் பாத்துக்கிருது. அது வேலைக்குப் போயிருக்கு," என்றார்.

மாரித்தாய் வேலை பார்க்கும் கம்பெனி வாசலுக்கே போய்க் காத்திருந்தோம். கம்பிவேலிக்கு உள்ளே, பொட்டல் காட்டில் தனித்தனியாகச் சின்னச் சின்ன அறைகள். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் நல்ல இடைவெளி, ஒவ்வொரு அறைக்கும் எதிரெதிரே கதவுகள், வாசலில் தண்ணீரும் மணலும். என் ஆஸ்பத்திரியில் தொற்று நோயாளிகளைக்கூட இவ்வளவு தள்ளி வைக்க மாட்டோம். உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும். நைலான் துணி ஆகாது, நூல் சேலைதான் கட்ட வேண்டும். உரசினால் பொறி வந்துவிடுமாம்.

ஐந்து மணிக்குப் பெண்கள் வெளியே வந்தார்கள். முழங்கைவரை அலுமினிய நிறத் தூள். மாரித்தாய்க்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெளிறிப்போன நூல் சேலை, காதில் தோடுக்குப் பதிலாகத் துடைப்பக் குச்சி. நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க அத்தை முத்துப்பேச்சி விஷயமா வந்திருக்கேன்," என்றேன்.

அவள் முகம் சட்டென்று மாறியது. "அந்தப் பேர எங்க வீட்டுல சொல்ல மாட்டாக. யாரு நீங்க?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் கொட்டிவிட்டாள். "அவ வளையல் விக்க வந்த வளையக்காரன் கூட ஓடிப்போனவ. எங்கய்யா சாகுறவரைக்கும் அந்தப் பேர எடுக்கலை. எனக்கு ரெண்டு எடம் வந்து தட்டிப்போச்சு, ஓடிப்போனவ வகையறான்னு. எங்க அக்காளுக்கும் அதே கதை. இப்ப என்ன, அவ பேரன் பேத்தி யாரும் சொந்தம் கொண்டாடி வந்திருக்காகளா?"

"அவ ஓடிப்போகலம்மா," என்றேன். "பட்டறை வெடிச்சதுல செத்துப் போயிட்டா. ஆஸ்பத்திரியில அவ வாயாலயே பேரும் ஊரும் சொல்லியிருக்கா. இதோ, எழுதி வச்சிருக்கு."

மாரித்தாய் நோட்டை வாங்கவில்லை. கையில் வெடிமருந்து இருக்கிறதாம். குனிந்து, எழுத்துக்கூட்டிப் படித்தாள். முதலில் தாத்தா பெயர், பிறகு ஊர், கடைசியாகத்தான் அந்தப் பெயர். வேன்காரர் ஹாரன் அடித்தார். அவள் அசையவில்லை. "பாவிகளா," என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. வேனில் ஏறும்போது, "நாளைக்குக் கம்பெனி லீவு. வீட்டுக்கு வாங்க. சித்தப்பாட்ட நீங்களே சொல்லுங்க, எனக்கு வாய் வராது," என்றாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. சொல்லலாமா வேண்டாமா என்ற கேள்வி முடிந்துவிட்டது. தொண்ணூறு வயது இதயம் அதைத் தாங்குமா என்பதுதான் இப்போது கவலை.

நான்காம் நாள் ஜமால் அண்ணன் சாத்தூரில் வண்டியை நிறுத்தி இரண்டு பொட்டலம் காரச்சேவு வாங்கினார். வெறுங்கையோடு போகக்கூடாதாம். மாரித்தாயின் வீடு ஒற்றை அறை, முன்னால் தகரம் இறக்கிய சார்ப்பு. சுவரில் ஐந்து காலண்டர்கள், எல்லாம் சிவகாசி அச்சு. சுப்பையா ஐயா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உடம்பு நூலாய் இளைத்திருந்தாலும் கண் தெளிவாக இருந்தது. என்னைப் பார்த்ததும், "வா தாயி. மாரி சொல்லுச்சு, யாரோ வாராகன்னு," என்றார்.

முதலில் அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். தொழில் புத்தி, விடாது. பிறகு கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து, நோட்டைப் பிரித்து, நிதானமாகச் சொன்னேன். பட்டறை, வெடி, ஆஸ்பத்திரி, ஐந்து பெயர். "அதுல கடைசிப் பேரு முத்துப்பேச்சி ஐயா. உங்க அக்கா," என்றேன்.

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "தெரியும்," என்றார்.

மாரித்தாய் சுவரை விட்டு நிமிர்ந்தாள். "என்ன சித்தப்பா சொல்லுறீக?"

"தெரியும் மாரி. பட்டறைக்குப் போறேன்னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனா," என்று அவர் ஆரம்பித்தார். அதற்குப் பிறகு யாரையும் பார்க்காமல், காலண்டர் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். அக்காவுக்குப் பதினாலு வயதில் பரிசம் போட்டுவிட்டார்கள். இனிமேல் பட்டறைக்குப் போகக்கூடாது என்று அப்பா நிறுத்திவிட்டார். தீபாவளி நெருக்கத்தில் ஆள் போதாமல் முதலாளி வண்டி அனுப்பியிருக்கிறார். அவளுடைய சேத்திக்காரத் தோழிகளெல்லாம் ஏறிவிட்டார்கள். இவளுக்கும் ஆசை.

"எனக்கு அப்ப ஆறு வயசு தாயி. 'ஏலே சுப்பையா, ஆத்தா கேட்டா நான் வளையக்காரன் பின்னால சந்தைக்குப் போயிருக்கேன்னு சொல்லு. பட்டறைன்னு சொல்லிராத, அய்யா கொன்னுபுடுவாரு. வாரப்ப உனக்கு ஒரு பெட்டி மத்தாப்பு கொண்டாறேன்'னா. நான் அப்பிடியே சொன்னேன். அந்தி வரைக்கும் சொன்னேன். மறுநாளும் சொன்னேன். வெடிச்ச பட்டறைக்கு எங்காத்தா ஓடுச்சு. அங்கன பதிவு நோட்டப் பாத்துட்டு இந்தப் பேரு இல்லேன்னுட்டாக. வீட்டுக்கு வந்து என்னைய மடியில வச்சு, 'எங்கலே போனா, நெசத்தச் சொல்லு'ன்னு கேட்டுச்சு. நான் வளையக்காரன்னு சொன்னேன்."

மூச்சு வாங்கியது. நான் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு மிடறு குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "பெறகு வெவரம் தெரிஞ்ச வயசுல புரிஞ்சுபோச்சு. ஆனா அதுக்குள்ள அம்புட்டுப் பேரும் அவள வைது முடிச்சுட்டாக. எங்காத்தா செத்துப்போச்சு. நான் இப்ப வாயத் தொறந்தா, எங்க அண்ணன் என்னைய வெட்டிருவான்னு பயம். அப்பிடியே நாள் போயிருச்சு. உங்க ரெண்டு பேரு கலியாணம் நின்னப்பக்கூட நான் சொல்லலை மாரி."

ஜமால் அண்ணன் வாசல் பக்கம் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாரித்தாய் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு எலினோர் அம்மாள் வீட்டு மாடிப்படி ஞாபகம் வந்தது. படித்தவர், அதிகாரம் உள்ளவர், ஒரு கையெழுத்துப் போட்டால் நடக்கிற இடத்தில் இருந்தவர் ஒன்பது என்று எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பலனாகச் சுவரில் அடுத்த படியில் ஒரு படம் ஏறியது. ஆறு வயதுப் பிள்ளை ஒரு பெட்டி மத்தாப்புக்காக வாயை மூடிக்கொண்டது. அது அன்றிலிருந்து ஒரு தீபாவளிக்கும் மத்தாப்பைக் கையால் தொடவில்லை என்று பிறகு மாரித்தாய் சொன்னாள். மார்ஷ்வுட் அந்த ஐந்து பெயரையும் உரக்கச் சொல்லியிருந்தால், இந்தப் பிள்ளை சொன்ன பொய் ஒரே நாளில் செத்திருக்கும். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சுப்பையா ஐயா நோட்டைத் தொட்டுப் பார்த்தார். படிக்கத் தெரியாது. "எங்கன இருக்கு அவ பேரு?" என்றார். காட்டினேன். விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, "ஆசுபத்திரியில அவளுக்குத் தண்ணி கிண்ணி குடுத்தாகளா தாயி?" என்று கேட்டார்.

தீக்காயத்தோடு கிடக்கிறவர்கள் தண்ணீருக்கு எப்படித் தவிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் கேட்டாள் என்றுதான் நோட்டில் இருக்கிறது. கொடுத்தார்களா என்று இல்லை. "கொடுத்தாங்க ஐயா. கேட்கக் கேட்கக் கொடுத்தாங்க," என்றேன். நோட்டில் இல்லாததை நான் சொன்னது அந்த ஒன்றுதான். அதற்காக வருந்தவில்லை.

அப்போதுதான் அவர் அழுதார். கோபம் மாரித்தாய் முகத்தைவிட்டு இறங்கவில்லை. ஆனாலும் எழுந்து வந்து, அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "ஆறு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அளுகாதீக," என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, "யக்கா, எங்க அத்தை கன்னியாத்தான போயிருக்கு?" என்று கேட்டாள்.

கல்யாணம் ஆகாமல் செத்த பெண்ணை இந்தப் பக்கத்து வீடுகளில் கன்னி என்று வைத்துக் கும்பிடுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை புதுப் பாவாடை சட்டை, வளையல், பூ, பலகாரம் படைப்பார்கள். படைத்த துணியை ஓலைப்பெட்டியில் வைத்து வீட்டுக்குள் உயரத்தில் கட்டிவிடுவார்கள். அடுத்த வருஷம் அதை எடுத்து வீட்டுப் பெண்பிள்ளை உடுத்திக்கொள்ளும், பெட்டிக்குள் புதுத்துணி போகும். ஓடிப்போனவளுக்கு அந்தப் பெட்டி கிடையாது. முத்துப்பேச்சிக்கு எண்பது வருஷமாக ஒரு பாவாடைகூட இல்லை.

ஐந்தாம் நாள் காலையில் சிவகாசி கடைவீதிக்குப் போனோம். மாரித்தாய் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. சீசன் நேரத்தில் அது பெரிய விஷயம், கண்காணியிடம் போனில் பேச்சு வாங்கினாள். துணிக்கடைப் பையன் பளபளவென்று சரிகை போட்ட பாவாடைகளை எடுத்துப் போட்டான். நானும் ஒரு பட்டுப் பாவாடையைத் தொட்டுக் காட்டினேன், எலினோர் அம்மாள் செலவுக்கு என்று கொடுத்த பணம் கையில் இருந்தது. மாரித்தாய் எல்லாவற்றையும் ஒதுக்கினாள். "நூல் துணி எடுப்பா," என்றாள். "பட்டாசு வேலைக்குப் போன பிள்ளைக்கு மினுக்குத் துணி ஆகாதுல்ல." என் கையிலிருந்ததை வாங்கவும் இல்லை. "எங்க அத்தைக்கு நாங்கதான் எடுக்கணும்," என்று முடித்துவிட்டாள்.

மதியம் வீட்டில் படைத்தார்கள். மாரித்தாயின் அக்காவும் வந்திருந்தாள். பணியாரம், சர்க்கரைப் பொங்கல், ஒரு டஜன் கண்ணாடி வளையல். வளையல் வைக்க வேண்டும் என்று சொன்னவர் சுப்பையா ஐயாதான். ஒரு பாவமும் அறியாத அந்த வளையல்காரன் அதற்கப்புறம் உயிருக்குப் பயந்து இந்த ஊர்ப் பக்கமே வரவில்லையாம்.

மாரித்தாய் ஐந்து வாழையிலை விரித்தாள். எதற்கு ஐந்து என்று அவளுடைய அக்கா கேட்டாள். "மத்த நாலு பேருக்கும் ஊரு தெரியலைல்ல? அவுக எங்க போவாக? இங்கனயே சாப்பிடட்டும்," என்றாள். பிறகு நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கேட்டாள். கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டிக் கொடுத்தேன். ஐந்து பெயரையும் என்னை உரக்கப் படிக்கச் சொன்னார்கள். நான் படித்த ஒவ்வொரு பெயரையும் சுப்பையா ஐயா திருப்பிச் சொன்னார். வாசலில் நின்ற ஜமால் அண்ணனின் உதடும் அசைந்தது. காகிதத்தை மடித்துப் பாவாடைக்கு அடியில் வைத்து ஓலைப்பெட்டியை மூடினார்கள். சுப்பையா ஐயாவால் எட்ட முடியவில்லை. மாரித்தாய் ஸ்டூலில் ஏறிக் கட்டினாள்.

அவர்கள் சாப்பிட உட்கார்ந்த பிறகு சார்ப்புக்கு வெளியே வந்து எலினோர் அம்மாளைப் போனில் கூப்பிட்டேன். அங்கே காலை நேரம். மாத்திரை போட்டாரா என்று முதலில் கேட்டேன். போட்டாராம். வீடு கிடைத்தது, தம்பி உயிரோடு இருக்கிறார், பக்கத்தைக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன்.

"என் அப்பாவைப் பற்றி என்ன சொன்னார்கள்?" என்று கேட்டார்.

மூன்று நாள் நடந்ததை மனதில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு வார்த்தை கிடைக்குமா என்று தேடினேன். "ஒன்றும் சொல்லவில்லை. அவர் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை," என்றேன்.

"அப்படியானால் என்னதான் செய்தார்கள்?"

"அவளுக்கு ஒரு பாவாடை எடுத்தார்கள்," என்றேன்.

மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது.

"என்ன நிறம்?" என்று கேட்டார் எலினோர் அம்மாள்.

"மஞ்சள்," என்றேன். "அரக்குக் கரை."